செக்ரோல் வயது

ஆண்டியப்பன் கங்காணி நாசமாய்ப் போகட்டும் என்று எட்டு வருஷம் நான் மாரியம்மனிடம் வேண்டினேன். என் அக்கா காளியாயி வேண்டவில்லை. சாமியிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்கிறவள் இல்லை அவள்.

இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தோம். அவளுக்கு மட்டும் கொழுந்தில் மனசு ஒட்டவே இல்லை. யாருக்காவது செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டுவிட்டால் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவாள். ரத்தத்தைக் கண்டால் நான் முகத்தைத் திருப்புவேன். அவள் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போடுவாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் மகாலிங்கம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். அவர் இதைக் கவனித்திருக்கிறார். ஐம்பத்தாறாம் வருஷம் ஒரு நாள் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"பிள்ளை, கண்டிப் பக்கத்தில ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில நேர்ஸ் வேலைக்குப் பழக்க ஆள் எடுக்கினம். ஐஞ்சாம் வகுப்புப் படிச்சது காணும். மூண்டு வருசம் பழகினால் எங்கையும் வேலை எடுக்கலாம். கூடைய இறக்கி வையும்."

அரசாங்க நர்ஸ் பள்ளிக்கூடம் என்றால் பிரஜாவுரிமை கேட்பார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரிடம் இருந்தது அது? மிஷன்காரர்கள் கேட்கவில்லை. இருபத்தைந்து வயதைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். அக்கா மலேரியாக் காய்ச்சல் வருஷத்தில் பிறந்தவள், இருபத்திரண்டுதான். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வயதுக்கு அத்தாட்சி வேண்டுமே? பிறப்புப் பதிவு கிடையாது. தோட்டத்துப் பேர்ப் புத்தகம், அந்தச் செக்ரோல்தான் சாட்சி. அதில் அக்காவுக்கு இருபத்தாறு என்று இருந்தது.

பத்து வயதுப் பிள்ளையைப் பதினாலு என்று எழுதி வேலைக்கு நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். உள்ளதைச் சொன்னால் தோட்டத்தை நடத்தும் துரை திருப்பி அனுப்பிவிடுவார். ஆள் கூடினால் கங்காணிக்கு லாபம், உலை கொதித்தால் வீட்டுக்கு லாபம். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை. அந்த நாலு வயதுதான் அக்காவின் தலையில் விழுந்தது. ஒரே ஒரு வயது கூடிப்போய்விட்டது. வயிறு எரியாதா?

காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களைப் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கே போய் அக்கா ஆண்டியப்பன் முன்னால் நின்றாள். நானும் நின்றேன்.

"கங்காணி ஐயா, என் வயச நீங்கதானே கூட்டி எழுதுனீங்க. தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் பொய் எழுதுனேன்னு நானே போயிச் சொல்லணுமா? நல்லா இருக்குடி நாயம்! புஸ்தகத்துல இருக்கிறதுதான் வயசு. பொட்டச்சிங்க எல்லாம் வெள்ளைச் சீல கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா கொழுந்த எவன் எடுப்பான்?"

களம் முழுக்கச் சிரித்தது. அக்கா அழவில்லை. "பாத்துக்கிறேன் நாகு" என்று என்னிடம் சொல்லிவிட்டு மலைக்கு ஏறினாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

மிஷன் ஆஸ்பத்திரி இடம் வேறொருத்திக்குப் போயிற்று. மகாலிங்கம் ஐயாவுக்கு மனசு கேட்கவில்லை; அக்காவைத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார். போத்தல் கழுவினாள், புண்ணுக்குக் கட்டுப் போட்டாள், பிறகு ஊசி குத்தினாள், பிரசவம் பார்த்தாள். டவுன் ஆஸ்பத்திரி நர்சுகளைக் கூப்பிடுவது போல லயத்து ஜனங்கள் அவளையும் "மிஸ்ஸி" என்றார்கள். என்ன மிஸ்ஸி! கையில் ஒரு சான்றிதழ் கிடையாது. இந்தத் தோட்டத்தை விட்டால் வேறெங்கும் அவளை நர்ஸ் என்று எடுக்க மாட்டார்கள். யாராவது "மிஸ்ஸி" என்று கூப்பிடும்போதெல்லாம் அவள் பல்லைக் கடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அறுபத்து நாலில் ஒரு புதுத் துரை வந்தார். அறுபது வயதானவர்கள் வேலையை விட்டு நிற்க வேண்டும். முதலில் கங்காணிமார், அடுத்த மாதம் ஆட்கள் என்று உத்தரவு போட்டார். செக்ரோலில் ஆண்டியப்பனுக்கு அறுபது. அட, அந்த மனுஷனுக்கும் சின்ன வயதில் யாரோ கூட்டித்தான் எழுதியிருக்கிறார்கள்! உள்ளபடி ஐம்பத்தைந்துதான். ஆஸ்பத்திரி ஐயா வயது குறைவு என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று துரை சொல்ல, ஆண்டியப்பன் ஆஸ்பத்திரிக்கு விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தான். என் பிள்ளைக்கு மருந்து வாங்க நானும் அங்கேதான் இருந்தேன்.

மகாலிங்கம் ஐயா அவன் பல்லைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். "எனக்கு மட்டுக்கட்ட ஏலாமல் கிடக்கு. காளியாயி, நீர் இந்தத் தோட்டத்து ஆள். இவருக்கு உண்மையில எத்தினை வயது? நீர் சொன்னால் எழுதிறன்."

"சொல்லு தாயி" என்று ஆண்டியப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "ஒங்கப்பனும் நானும் ஒரே மாசத்துல பொறந்தவங்க. ஒனக்குத் தெரியாததா?"

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்வானேன்?

அக்கா ஊசியைத் துடைத்து வைத்தாள். "நான் பொறக்கிறதுக்கு முந்துன சங்கதி, எனக்கெப்படிங்க ஐயா தெரியும்? செக்ரோல்ல இருக்கிறபடியே எழுதுங்க."

மறுவாரம் அவன் கங்காணி வீட்டைக் காலி செய்தான். சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போனதை நான் லயத்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். நல்லா வேணும் என்று அவன் காதில் விழும்படியே சொன்னேன்.

அடுத்த மாதம் பெரட்டில் ஆட்களின் பேரை வாசித்தார்கள். முதல் பேர் சோலைமலை. எங்கள் அப்பா. அவருக்கும் ஐம்பத்தைந்துதான், செக்ரோலில் அவருக்கும் அறுபது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியில் அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரே மாசத்தில் பிறந்தவர் என்று அப்பாவின் வயதையும் திருத்தியிருப்பார்கள்; இரண்டு பேருக்கும் வேலை தங்கியிருக்கும்.

பொழுது சாய்ந்து மலையிலிருந்து இறங்கியதும் நேராக அப்பா வீட்டுக்கு ஓடினேன். அப்பா அடுப்படியில் சாப்பிட உட்கார்ந்திருந்தார், அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா, அந்தப் பாவி மேல இருந்த ஆத்திரத்துல அப்பாவ மறந்துட்டியே!"

"மறக்கல" என்றாள் அக்கா. "பத்து வயசுல என் கையப் புடிச்சுப் பெரட்டுக்குக் கூட்டிட்டுப் போனது யாரு? புள்ளைக்குப் பதினாலு முடிஞ்சிருச்சுன்னு வாய் கூசாமச் சொன்னது யாரு? கங்காணியா?"

அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அக்கா அவருக்கு இன்னும் ஒரு அகப்பை சோறு வைத்தாள்.