நான் போடாத கையெழுத்து

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தலவாக்கலை பஸ் நிலையத்தில் மூட்டை தூக்கத் தொடங்கி, அதே ஊரில் இரண்டு மாடி இரும்புக்கடை கட்டியிருக்கிறேன். அதை யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. சிங்களத்தையும் கடைத்தெருவில்தான் படித்தேன். நான் பேசத் தொடங்கினால் அரசாங்கக் கந்தோரில் இருக்கும் உத்தியோகத்தர்கள் உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டுவார்கள். அதனால் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் யாருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், முதலில் என் கடைக்குத்தான் வருவார்கள்.

பிறப்பைப் பதியாதவர்களுக்குச் சத்தியக்கடதாசி வேண்டும். இன்னார் இன்ன தோட்டத்தில் பிறந்தது தனக்கு நேரில் தெரியும் என்று வயதில் மூத்த ஒருவர் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். அப்படி நிறையப் பேருக்குப் போட்டிருக்கிறேன். இத்தனை பேருடைய பிறப்பும் எனக்கு எப்படித் தெரியும் என்று எந்தக் கந்தோரிலும் கேட்டதில்லை.

சில வருடங்களுக்கு முன், பக்கத்துத் தோட்டத்து இளைஞர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஹட்டனில் மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சிக்குப் போய் வந்தார்கள். வந்த கையோடு ஒரு சங்கம் வைத்து, என்னிடம் இடம் கேட்டார்கள். கடையின் மேல்மாடி முன்னறையைக் கொடுத்தேன். மேசையும் எட்டு நாற்காலியும் கூட என்னுடையவைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே உட்கார்ந்து தோட்டத்து மக்களுக்கு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளை இன்று நாலு பேர் மதிக்கிறார்கள் என்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஆனால் அவர்கள் வேலை செய்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் பத்து நிமிடத்தில் முடிக்கிற படிவத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்தார்கள். ஒவ்வொரு வரியையும் வந்தவருக்கு வாசித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் எழுதுவார்கள். சங்கத்தின் செயலாளர் ஒரு பெண். கொழுந்து பறிப்பவரின் மகள், உயர்தர வகுப்பு வரை படித்துவிட்டுத் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சராக இருந்தாள். குரலை உயர்த்தவே மாட்டாள்.

ஒரு ஞாயிறு, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் வந்தாள். கணவன் இல்லாதவள். அவள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் இறங்கி, அவற்றிலிருந்த குடும்பங்களுக்குப் புது வீடு தருவதாகப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் பெயர் ஏற அடையாள அட்டை வேண்டும், இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழாவது வேண்டும். அவளிடம் இரண்டும் இல்லை. அவளுடைய தோட்டம் சேர்ந்த பதிவாளர் பிரிவின் பிறப்புப் பதிவேட்டில் தேடிப் பார்த்து, பதிவு இல்லை என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். பட்டியல் மூட ஒன்பது நாள் இருந்தது.

நானும் அப்போது மேலே இருந்தேன்.

"அண்ணே, நீங்க ஒரு கையெழுத்து போட்டா வேலை முடிஞ்சிரும்ல?" என்றாள் அவள்.

"முடிஞ்சிரும். புள்ள, அந்தக் கடதாசிய எடு."

செயலாளர் எடுக்கவில்லை. "ஐயா, இவங்க பொறந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"நான் எங்க இருந்தா என்ன? இந்தத் தோட்டத்துலதான் பொறந்திருப்பா."

"பொறந்திருப்பாங்கன்னு எழுத அதுல எடமில்லைங்க. நேரில் தெரியும்னுதான் இருக்கு."

சங்கத் தலைவர் லொறி ஓட்டும் இளைஞன். அவன் என் பக்கம் பேசினான். "ஐயா ஊருக்கே போட்டவரு. நல்ல காரியத்துக்குத்தான போடுறாரு, விடேன்."

"ஊருக்குப் போட்டதப் பத்தி நான் பேசல. நம்ம மேசையில வச்சு போடுறதப் பத்தித்தான் பேசுறேன்."

வந்தவளுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் டீச்சரு, என் பின்சுவத்துல கை நுழையிற அளவுக்கு வெடிப்பு. பட்டியல்ல பேரு விட்டுப்போனா நீ வந்து சுவத்தப் புடிச்சிக்கிட்டு நிப்பியா?"

செயலாளருக்கு முகம் சிவந்தது.

"மேசை என்னோடது, தெரியும்ல?" என்றேன் நான்.

"தெரியுங்க ஐயா. நீங்க போடுறதுன்னா கீழ கடையில வச்சு போடுங்க. நாங்க எழுதித் தர மாட்டோம்."

கடதாசியை நானே எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்தப் பெண்ணும் பின்னாலேயே வந்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்துவிட்டு, எழுதத் தெரிந்த என் கடைப் பையன் சாப்பிட்டு வரட்டும் என்று காத்திருந்தேன். எனக்குக் கையெழுத்து அழகாக வரும். முழுப் பக்கம் எழுத வராது.

சற்று நேரத்தில் செயலாளர் இறங்கி வந்தாள். சமாதானம் சொல்ல வருகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பெயின்ட் வாளி ஒன்றை இழுத்துப் போட்டு அந்தப் பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒங்களுக்கு மூத்தவங்க யாரும் இருக்காங்களா?"

"இல்ல. நான்தான் தலைச்சன். எனக்கு அடுத்து ஒரு தம்பி." கோபம் இன்னும் குரலில் இருந்தது.

"தம்பிக்கு சட்டிபிக்கட் இருக்கா?"

"இருக்கு. அவன் இங்க தோட்டத்து ஆஸ்பத்திரியில பொறந்தவன்."

"அம்மா எந்தத் தோட்டத்துல இருந்து வாக்கப்பட்டு வந்தாங்க?"

"அக்கரப்பத்தனைப் பக்கம்."

"அப்ப தலைப்பிரசவத்துக்கு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருப்பாங்கதான?"

என் மனைவியும் முதல் பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குத்தான் போனாள். பஸ் ஏற்றிவிட்டவன் நான். எங்கள் ஆட்களில் இது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி இருந்தும், எங்கே பிறந்தாய் என்று கேட்டால் தகப்பனுடைய தோட்டத்தைச் சொல்வதே வழக்கம். அவளும் அதைத்தான் சொன்னாள், கந்தோரிலும் அங்கேதான் தேடினார்கள். நானும் அந்தத் தோட்டத்தையே எழுதச் சொல்லி, நேரில் தெரியும் என்று கையெழுத்திட இருந்தேன்.

மறுநாள் செயலாளர் லீவு போட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு போனாள். தம்பியின் சான்றிதழில் இருந்த வருடத்துக்கு முந்திய நாலு வருடத்தை, தாயின் தோட்டம் சேர்ந்த பிரிவில் தேடும்படி புதிதாக விண்ணப்பம் கொடுத்தார்கள். சங்கத் தலைவர் என்னிடம் வந்து, சீக்கிரம் தேடித் தரும்படி கந்தோரில் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டான். எனக்கு அது ஒரு போன் வேலை. செயலாளரிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். அவன் திரும்பி வரவில்லை.

நாலு நாள் கழித்துச் சான்றிதழ் கிடைத்தது. தகப்பன் பெயர், தாய் பெயர், தாயின் தோட்டம் எல்லாம் சரியாக இருந்தன. தகவல் கொடுத்தவர் தாயின் தகப்பன். அவள் நினைத்திருந்ததை விட இரண்டு வயது மூத்தவள் என்பதும் தெரிந்தது.

"இத்தன நாளா வயச கொறச்சு சொல்லிக்கிட்டு திரிஞ்சிருக்கேன். எவனும் நம்பாம இருந்ததுக்கு இதான் காரணம்போல," என்று கடையில் வைத்துச் சிரித்தாள்.

நான் கையெழுத்திட்டிருந்தால் அவளுக்கு இரண்டு தோட்டத்தில் இரண்டு பிறப்பு இருந்திருக்கும். என்றைக்காவது அது வெளியில் வந்தால் வீட்டு உறுதிப்பத்திரமும் சிக்கலாகியிருக்கும். அதை அந்தப் பெண்ணிடமோ செயலாளரிடமோ நான் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

பட்டியல் மூட நாலு நாள் இருக்கும்போது அவள் விண்ணப்பத்தைக் கொடுத்தாள். அடுத்த மாதம் பட்டியலைத் தோட்டத்துக் கந்தோர்ச் சுவரில் ஒட்டினார்கள். அவள் பெயர் இருந்தது. அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே கதவுக்குப் பூட்டு வாங்க என் கடைக்கு வந்தாள். நல்ல பூட்டாக எடுத்துக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே மேலே ஏறினாள். நானும் போனேன்.

"டீச்சரு, அன்னைக்கி ஏசினத மனசுல வச்சுக்காத."

"வச்சுக்கல அக்கா. கொஞ்சம் நகருங்க, பின்னால அண்ணன் நிக்கிறாரு."

பின்னால் நின்றவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். சங்கத்துப் பிள்ளைகள் தாங்களே ஒரு கேள்வித்தாள் எழுதி, பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். பெயருக்கும் மேலே முதல் வரியாக ஒரு கேள்வி இருந்தது: நீங்கள் வீட்டில் மூத்த பிள்ளையா? படித்த உத்தியோகத்தர்கள் எத்தனையோ படிவம் அடித்திருக்கிறார்கள். அந்தக் கேள்வி என் கடையில், பெயின்ட் வாளியில் உட்கார்ந்திருந்த ஒரு லயத்துப் பெண்ணுக்குத்தான் தோன்றியது.

இப்போதும் என்னிடம் கையெழுத்துக் கேட்டு வருகிறார்கள். மேலே போகச் சொல்கிறேன்.