மூன்றாவது வரிசை ஹெட்போன்

“எல்லாத்தையும் விட்டுட்டு வாங்க! இந்தப் பக்கம் வாங்க!” என்று நான் கத்தியது விமானத்தில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கேட்டது.

சென்னையிலிருந்து கோயம்புத்தூர் வந்த விமானம். நான் சீனியர் கேபின் க்ரூ. சொந்த ஊர் பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை. மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் மாராத்தாள் என்ற அம்மா, நடுவில் அவர் கணவர் பொன்னுசாமி. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பெருமாட்டியில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள். மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

“அம்மிணி, இந்த வாரை எப்படிங்க மாட்டறது?” என்று மாராத்தாள் கேட்டார்.

“இப்படிங்க, இதுக்குள்ள உட்டு அழுத்தோணும்.”

“அட, நம்மூருப் பேச்சாட்ட இருக்குது!” என்று முகம் மலர்ந்தார். சேஃப்டி டெமோவைக் கண் எடுக்காமல் பார்த்தவர் அந்த வரிசையில் அவர் மட்டும்தான்.

வழியோர சீட்டில் காதை முழுக்க மூடும் ஹெட்போனுடன் ஓர் இளைஞர். தரையிறங்குவதற்கு முன் தோளைத் தட்டிக் கழற்றச் சொன்னேன்.

“ஃப்ளைட் மோட்லதான மேடம் இருக்கு?”

“அதுக்கில்ல சார். அனவுன்ஸ்மென்ட் காதுல விழணும்.”

கழற்றினார். நான் போய் என் இருக்கையில் பெல்ட் போட்டதும் மறுபடி மாட்டிக்கொண்டிருக்கிறார்.

ரன்வேயில் ஓடும்போதே பின்பக்கம் புகை வந்தது. விமானம் நின்றது. கேப்டன் வெளியேறச் சொல்லிவிட்டார். பின்கதவுகளையும் இறக்கையோரக் கதவுகளையும் புகையால் திறக்க முடியவில்லை; எல்லோரும் முன்னால்தான் வர வேண்டும். கதவைத் திறந்தோம், தரைக்கு இறங்கும் காற்றுச் சறுக்கு விரிந்தது. முதல் இரண்டு வரிசைகள் இறங்கின. பிறகு யாரும் வரவில்லை.

அந்த இளைஞர் வழியை அடைத்துக்கொண்டு, மேலே இருந்த பையை நிதானமாக இழுத்துக்கொண்டிருந்தார். எப்போதும் போல இறங்குகிறோம் என்று நினைத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் விமானமே இருமிக்கொண்டிருந்தது.

“தம்பி, வழி உடுங்க! ஊட்டுக்காரிக்கு மூச்சு முட்டுதுங்க!” என்று பொன்னுசாமி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் திரும்பாமலே கையைத் தட்டிவிட்டார்.

கதவை உடன் பணிபுரியும் தோழியிடம் விட்டுவிட்டு ஓடினேன். ஹெட்போனைப் பிடுங்கி எறிந்து, அவரைக் கதவை நோக்கித் தள்ளினேன். ஆனால் அதற்குள் பின்னாலிருந்தவர்கள் பொறுமை இழந்து நெருக்கிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலோரத்திலிருந்து எழுந்து வந்த மாராத்தாள் அந்த நெரிசலில் விழுந்தார். அவர் மேல் ஏறித்தான் பலர் போனார்கள். இடுப்பு எலும்பு முறிந்தது. பொன்னுசாமியும் நானுமாக அவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தோம்.

தப்பிக்க வேண்டிய நேரத்தில் யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். நான் பிடுங்குவதும் தள்ளுவதும் மட்டும் அதில் இருந்தன. ‘பயணியைத் தாக்கிய பணிப்பெண்’ என்று ஊரெல்லாம் ஓடியது.

மேனேஜர் கூப்பிட்டார். “நீ செஞ்சது கரெக்ட்தான்மா. ஆனா அது வீடியோவுல தெரியலையே. ஒரு ஃபோன் போட்டு சாரி சொல்லிடு.”

வேலை வேண்டியிருந்தது. அவர் முன்னாலேயே ஃபோன் செய்தேன்.

“பரவாயில்ல மேடம். ஆனா என் ஹெட்போன் போயிடுச்சே?” என்றார் அந்த இளைஞர்.

“உங்க வரிசையில உக்காந்திருந்த அம்மாவுக்கு இடுப்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியில இருக்காங்க சார்.”

“எந்த அம்மா?”

மேனேஜர் கண்ணால் ஜாடை காட்டினார், நிறுத்திக்கொள் என்று. நிறுத்திக்கொண்டேன். கம்பெனி அந்த இளைஞருக்குப் புது ஹெட்போன் வாங்கிக் கொடுத்தது. மாராத்தாளுக்குப் பூங்கொத்து அனுப்பியது. அவர் இன்னும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார்.

இப்போது நான் பறப்பதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன். கத்தினால் கேட்கும் என்று நம்பாதீர்கள். பிடுங்குங்கள், தள்ளுங்கள். பிறகு மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள். கேட்டுவிடுங்கள். ஆனால் முதலில் தள்ளிவிடுங்கள்.