கொஞ்சம் சிரி கண்ணு

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் முதலாம் ஆண்டு நினைவு நாள். மாரடைப்பு… காலையில் டீ குடித்துவிட்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. இன்றும் மகள் யாழினி ‘அம்மா’ என்று சற்று உரக்கக் கூப்பிட்டாலே போட்டது போட்டபடி ஓடுகிறேன்.

உப்பளம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், “சாப்ட்டீங்களா?” என்று அவர் கேட்கமாட்டார். நேராகத் தட்டை வைத்துவிடுவார். “கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க” என்பார். அப்படிப்பட்டவருக்கு அன்னதானத்தைவிட வேறு என்ன பொருத்தம்? கருவடிக்குப்பம் பக்கம் ஒரு சிறுமியர் காப்பகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தேன். வடை, பாயசத்தோடு.

சாப்பாட்டுக் கூடத்தில் மாலை போட்ட அவர் படம். பக்கத்தில் ஃப்ளெக்ஸ் பேனர். “அங்கிளோட ஆத்மா சாந்தியடைய எல்லாரும் கண்ண மூடிக்குங்க” என்றார் வார்டன். மூடினார்கள். பாயசம் ஆறிக்கொண்டிருந்தது.

நான் பரிமாற, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் யாழினி மொபைலில் படம் எடுத்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

“போதும்மா.”

“சித்தப்பாவுக்கு அனுப்பணும்டி. இன்னும் நாலு எடு.”

“நா எடுக்கமாட்டேன்.”

அப்பா நினைப்பில் அழுகிறாளோ என்று பயந்தேன். போனை வாங்கி நானே எடுத்தேன். ஒரு பெண் மட்டும் தட்டுக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். “கொஞ்சம் நிமிந்து சிரி கண்ணு” என்றேன்.

சிரித்தாள். அங்கேயே ஸ்டேட்டஸிலும் போட்டேன்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் யாழினி வெடித்தாள்.

“அவ எஸ்தர்மா! கிளாஸ்ல என் பக்கத்துல உக்கார்றவ.”

“அங்கியே சொல்லித் தொலைக்கக் கூடாதாடி?”

“எப்டி சொல்றது? குருசுக்குப்பத்துல வீடு, அப்பா ஃபிரான்ஸ்ல இருக்காருன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கா. எனக்கே இப்பதான் தெரியும்.”

வண்டியை ஓரம் கட்டி ஸ்டேட்டஸை அழித்தேன். அதற்குள் யாழினி வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். சிலர் கைகூப்பும் எமோஜிகூட அனுப்பியிருந்தார்கள்.

(எஸ்தர் என்பது அவள் நிஜப் பெயரல்ல; இங்கே நான் மாற்றி எழுதியது. அந்தப் புத்தி இப்போதாவது வந்ததே!)

சோறு போடுகிறோம், சரி. சாப்பிடுகிறவர்களின் முகத்தை எதற்குப் படம் பிடிக்கிறோம்? போனவர் பார்க்கவா? இருக்கிற நம்மை நாலு பேர் பார்க்கத்தானே…

மறுநாள் மாலை யாழினி பள்ளியிலிருந்து வரும்வரை வாசலிலேயே நின்றேன். வகுப்பில் ஒருத்தி எஸ்தரிடம், “ஃபிரான்ஸ்லேந்து அப்பா பாயசம் அனுப்புனாராடி?” என்று கேட்டாளாம்.

“உங்கூட பேசுனாளா?” என்றேன்.

“பேசுனா. தினமும் என் டிபன் பாக்ஸ அவளே தொறந்து முட்டைய புடுங்கித் தின்னுவா. இன்னிக்கு நானா நீட்டுனேன். எடுத்துக்கிட்டு ‘தேங்க்ஸ்’ன்னா. இதுவரைக்கும் அவ எங்கிட்ட தேங்க்ஸ் சொன்னதே இல்லம்மா…”

என் கணவர் நினைவாக நாங்கள் சம்பாதித்த நன்றி அது.