மாமாவுக்கு வாங்கிய ஆல்கஹால் இல்லாத பீர்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஆட்டம் என்றால், திருமுல்லைவாயிலில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை. அந்த நேரத்தில் எங்கள் அடுக்ககத்து ஆண்கள் பாதிப் பேர் கறிக்கடை வாசலில் நிற்பார்கள். நான் ஃப்ரிட்ஜைத் திறந்து பீர் பாட்டிலை எடுப்பேன். காலங்கார்த்தாலேயே குடிக்கிறான் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். குடிக்கிறவன் வேறு, நான் வேறு. நான் பேஸ்பால் பார்க்கிறவன். அப்படித்தான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி என்னை இரண்டு வருஷம் அங்கே ஒரு கடலோர ஊருக்கு அனுப்பியிருந்தது. அந்த ஊர் பேஸ்பால் அணியும், சின்னச் சின்ன ஆலைகளில் பார்த்துப் பார்த்துக் காய்ச்சுகிற கிராஃப்ட் பீரும் அங்கே பழகியவை. திரும்பி வந்த பிறகும் இரண்டையும் விடவில்லை. அங்கே கூட வேலை பார்த்த ஏழு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். சீசன் தொடங்கிவிட்டால் சனிக்கிழமைக்குள் ஆளாளுக்கு மறுநாள் ஆட்டத்துக்கு எந்த பீர் என்று அறிவித்துவிட வேண்டும். சும்மா பெயரைச் சொன்னால் போதாது, காரணமும் சொல்ல வேண்டும். பந்து எறிகிற பிட்சர் வேகக்காரர் என்றால் கசப்பு தூக்கலான ஐபிஏ. வளைத்து வளைத்து ஏமாற்றுகிறவர் என்றால் கலங்கலான கோதுமை பீர். பரம எதிரி அணியோடு மோதல் என்றால் டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக ஒரு ஸ்டவுட். முதல் பந்து எறியும்போது எல்லோர் கையிலும் பாட்டில் இருப்பதை வீடியோ காலில் காட்ட வேண்டும். காட்டாதவனால்தான் அன்றைக்குத் தோற்றோம் என்று ஒரு வாரம் காய்ச்சி எடுப்பார்கள்.

இந்த ஏரியாவில் அந்த மாதிரி பீரெல்லாம் கூப்பிட்டதும் வந்துவிடுமா? அம்பத்தூரிலிருந்து குமணன்சாவடி வரை ஒரு ஒயின்ஷாப் விடாமல் ஏறி இறங்கியிருக்கிறேன். எந்தக் கடையில் எது எப்போது வரும் என்று எனக்கு மனப்பாடம். என் ஸ்கூட்டரைத் தூரத்தில் பார்த்ததுமே, "உன் சரக்கு இன்னும் வர்ல சார்" என்று கடைக்காரர்கள் கையை விரிக்கிற அளவுக்குப் பழக்கம். அதில் எனக்குப் பெருமை வேறு.

போன ஜூலையில் என் மாமனார் எங்களோடு வந்து சேர்ந்தார். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் தவறிய பிறகு தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தவரை என் மனைவிதான் பிடிவாதமாக அழைத்து வந்தாள். அவர் குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. விடுவதற்கு முந்தைய கதையை அவள் எனக்கு முழுசாகச் சொன்னதில்லை. குவார்ட்டர்ஸ் தெருமுனையில் விழுந்து கிடந்தவரைப் பத்தாவது படித்தபோது பள்ளிக்கூட யூனிஃபார்மோடு போய்த் தூக்கி வந்ததை மட்டும் ஒரு தடவை சொன்னாள்.

அவர் வருவதற்கு முதல் நாள், "வீட்ல ஒரு பாட்டில்கூட இருக்கக் கூடாது" என்றாள்.

"அவர் குடிச்சது பிராந்தி. இது பீர்ப்பா. அதுவும் வாரத்துக்கு ரெண்டு" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பாட்டில்களைக் காய்கறி டிரேயில், கீரைக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே மாமா காபி டம்ளரோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இன்னா மாப்ளே இது, கில்லி ஆடுற மாதிரி கீது. இதுக்கா இத்தினி பெரிய கிரவுண்டு?" என்றார். மூன்றாவது வாரம் எனக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தார். "இவன் தோளு எறங்கிடுச்சு. அடுத்த பாலு வெளிய போவும் பாரு" என்பார். போகும். ஒரு நூல் பிசகினாலும் இரும்பைத் திருப்பி அனுப்பிய கண் அது. அவர் எதிரில் என் பீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? ஆனால் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவர் உட்கார்ந்து பார்த்த ஞாயிறெல்லாம் எங்கள் அணி ஜெயித்தது. குழுவில் அவர் ராசிக்காரராகிவிட்டார். செப்டம்பர் கடைசியில், ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்கிற ஆட்டம் வந்தது. "ராசிக்காரர் கையில பாட்டில் இல்லாம எப்படி மச்சான்?" என்று ஒருத்தன் கேட்டான். எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. மண்டையில் மூளை என்று ஒன்று இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். அம்பத்தூர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், ஆல்கஹால் துளியும் இல்லாத பீரில் நான்கு பாட்டில் வாங்கி வந்தேன். குழந்தைகள் பால் பாக்கெட் எடுக்கிற அதே அலமாரியில்தான் அதையும் வைத்திருந்தார்கள்.

அன்று காலை மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். பாட்டிலை மாமா கையில் கொடுத்து, "சுத்தமா எதுவும் இல்ல மாமா, லேபிளைப் பாருங்க. ஜூஸ் மாதிரிதான்" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "ஜீரோன்னு போட்டுக்கீறான்" என்றார். வீடியோ காலில் எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் பாட்டிலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மாமனாரோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாட்டில், அதுவும் யாருக்கும் கெடுதல் இல்லாமல்!

மூன்றாவது இன்னிங்ஸில் அவர் பாட்டில் காலி. "இன்னொண்ணு கீதா?" என்றார். கொடுத்தேன். ஆறாவது இன்னிங்ஸில் தானே எழுந்துபோய் மூன்றாவதை எடுத்து வந்தார். அதற்குப் பிறகு பிட்சரின் தோளைப் பற்றிப் பேச்சே இல்லை. முட்டியில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். நான் கவனித்தேன். ஆனால் ஆட்டம் சமநிலையில் இருந்தது.

பத்தேகால் மணிக்கு மனைவி வந்தாள். வாசலில் நின்றபடியே அப்பாவின் கையைப் பார்த்தாள். கத்தவில்லை. அர்ச்சனைத் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"என்னது அது?"

"ஆல்கஹால் இல்லாததுப்பா. நீயே பாரு..."

"எத்தனை?"

"மூணு."

அவள் முகம் வெளுத்துப்போனது. அப்போது கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. "நான் போய் பேப்பர் வாங்கினு வரேன்மா." கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் கூடத்துக்கு ஓடினாள். அன்றைய பேப்பர் மேஜைமேலேயே மடித்துக் கிடந்தது.

"போ, பின்னாடியே போ" என்றாள்.

இனிச் சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு ஆட்டம் முடிந்துவிடும். "எங்க போயிடப் போறாரு, கடையே பன்னெண்டு மணிக்குத்தான் திறப்பான்" என்று சொல்லிக்கொண்டே, நின்றபடி டிவியைப் பார்த்தேன். அவள் தானே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினாள். கடைசிப் பந்தை எங்கள் ஆள் ஒருவன் மைதானத்துக்கு வெளியே அடித்தான். ஜெயித்தோம். "மாமா!" என்று கத்தியபடி திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது.

கீழே இறங்கினேன். மூச்சு வாங்கிக்கொண்டு தெருமுனையிலிருந்து அவள் வந்துகொண்டிருந்தாள். "ஸ்டேஷன் வரைக்கும் பார்த்துட்டேன். இல்ல. போனையும் சார்ஜ்ல விட்டுட்டுப் போயிருக்காரு" என்றாள். மணி பத்தே முக்கால் தாண்டியிருந்தது. கடைகள் திறக்க ஒரு மணி நேரத்துக்குமேல் இருந்தது. ஆனால் சில இடங்களில் அதற்கு முன்பே பின்பக்கமாகக் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதது இதில் என்ன இருந்தது!

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன். ஷட்டர் மூடியிருந்தது, எதிர்ப் பெட்டிக்கடை வாசலில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். அவர் இல்லை. பார் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவர், "இன்னா சார், ஜல்தியா வந்துகினே?" என்று சிரித்தார். வயசானவர், வேட்டி கட்டியிருப்பார், பார்த்தீர்களா என்று கேட்டேன். "இங்க வர்றவங்கோ பாதிப் பேரு அப்டித்தான் சார் கீறாங்கோ" என்றார். அங்கிருந்து ஆவடிப் பக்கம் இரண்டு கடை. இரண்டிலும் இல்லை. உள்ளங்கை வியர்த்து ஆக்ஸிலேட்டர் வழுக்கியது. பதினொன்றரைக்கு அவள் போன் செய்தாள்.

"எங்க இருக்கே?"

"ஆவடியில."

"ஆவடியில எதுக்குத் தேடறே? அங்க எல்லாருக்கும் அவரைத் தெரியும். தெரிஞ்ச முகம் இருக்கிற கடைக்கு அவர் போகவே மாட்டாரு. வெள்ளானூர் பக்கம் போ."

அவள் குரலில் நடுக்கம் இல்லை. இதையெல்லாம் ஏற்கெனவே செய்து பழகியவளின் குரலாக இருந்தது. வண்டியைத் திருப்பினேன்.

வெள்ளானூர் சாலைக் கடையில், மூடிய ஷட்டருக்கு முன்னால் வரிசை நின்றிருந்தது. நான்காவது ஆள் மாமா. அவசரத்தில் என் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் நோட்டுகளைச் சுருட்டி இறுக்கிப் பிடித்திருந்தார். மணி பன்னிரண்டாகப் பத்து நிமிஷம் இருந்தது.

"மாமா, வாங்க. வீட்டுக்குப் போலாம்."

"நீங்க போங்க மாப்ளே. நான் வரேன்." என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவ அழுதுட்டு இருக்கா மாமா." பொய்தான் சொன்னேன்.

"அவ அழ மாட்டா. அழுவுற வயசுலயே எல்லாத்தியும் அழுது முடிச்சுட்டா."

"அதுலதான் ஒண்ணுமே இல்லையே மாமா, லேபிள்லகூட..." என்று இழுத்தேன்.

"லேபிளு நாக்குக்குத் தெரியுமா?" என்றார். "மொத பாட்டிலு நல்லாத்தான் இருந்துச்சு. மூணாவதுல, இன்னாடா இதுல ஒண்ணியும் காணமேன்னு கோவம் வந்துச்சு. அந்தக் கோவம் வந்துச்சு பாரு, அதான் இங்க இட்டாந்துச்சு. பதினோரு வருசம், மாப்ளே."

நடுரோட்டில் அவர் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. "தப்பு என்மேல மாமா. இனிமே நம்ம வீட்ல ஒரு பாட்டில் இருக்காது. சத்தியமா சொல்றேன்."

அப்போதுதான் முதல்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "இன்னிலேர்ந்தா?"

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "நாம அடுத்த சுற்றுக்குப் போயிட்டோம் மாமா. இன்னும் ஒரு மாசம்தான். அது முடியட்டும். அப்புறம் தொடவே மாட்டேன்."

அவர் சிரித்தார். சந்தோஷமே இல்லாத சிரிப்பு. "நான் பொங்கல் முடியட்டும்பேன். பொங்கல் முடிஞ்சா, பொண்ணு பரீச்சை முடியட்டும்பேன்." பிறகு குரலைத் தணித்துக் கேட்டார். "வாரத்துக்கு ரெண்டுதானா?"

"ஆமா மாமா."

"ஞாயித்துக்கெழமை மட்டுந்தானா?"

நான் குனிந்து ஸ்கூட்டர் சாவியைப் பையில் தேடினேன். எந்த பீர் பொருந்தும் என்று பார்க்க புதன்கிழமை ஒன்று, வெள்ளிக்கிழமை ஒன்று. ஆபீஸ் முடிந்து வரும் வழியில், வண்டியை ஓரமாக நிறுத்தி. இது என் மனைவிக்குத் தெரியாது. இவருக்கு எப்படித் தெரிந்தது? வெளியே போகப்போகிற பந்தைத் தோளை வைத்தே கண்டுபிடிக்கிறவர், என் தோளில் எதைப் பார்த்தாரோ.

பின்னால் நின்றவன், "அண்ணாத்தே, லைன்ல நிக்கிறியா, இல்லியா?" என்று அவசரப்படுத்தினான். மாமா கையிலிருந்த நோட்டுகளைப் பார்த்தார். சுருக்கம் நீவி, மடித்து, சட்டைப் பையில் வைத்தார். வரிசையை விட்டு ஓரடி விலகி என் பக்கம் வந்து நின்றார்.

"எம் பொண்ணுக்குக் குடிக்கிறவன் ஒருத்தன் போதும் மாப்ளே" என்றார். "வண்டிய எடுங்க."

நான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். சாலைக்குத் திரும்பும்போது பின்னால் கடையின் ஷட்டர் கடகடவென்று மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.