மிச்சிகோ அன்ரி எழுதிய அண்ணன்

அம்மா கருவாடு பொரித்தால் அந்த மணம் கதவிடுக்கால் வழிந்து, நடைபாதையின் பழைய கம்பளத்தில் ஏறி, எலிவேற்றர் வாசல்வரை போய் நிற்கும். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த கட்டடத்தைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் ‘சூப்பர்’ என்போம். யாரோ முறையிட்டதால் அவர் ஒருநாள் எங்கள் கதவைத் தட்டினார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. பதினொரு வயதான நான் முன்னால் நின்று விழித்துக்கொண்டிருந்தேன். அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. குட்டையாக வெட்டிய நரைமுடியோடு, கையில் இடுக்கியுடன் வந்த ஜப்பானியப் பெண், “மணம் என்னுடைய அடுப்பிலிருந்துதான், நான்தான் மீன் சுடுகிறேன்” என்றார். சூப்பர் இரண்டு வீட்டையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அப்படித்தான் மிச்சிகோ அன்ரி எங்களுக்குப் பழக்கமானார். அவர் ஒரு நாவலாசிரியர் என்பது பல மாதங்கள் கழித்தே தெரிந்தது. ஜப்பானின் வடக்கே ஒரு துறைமுக ஊரில் பிறந்து, தொலைபேசி நிலையத்தில் வேலை செய்துகொண்டே எழுதிய முதல் நாவலுக்குப் பரிசு கிடைத்ததாம். அதன்பிறகு பெண்கள் பத்திரிகைகளில் அவருடைய தொடர்கதைகள் வந்தன. ரயிலில் பக்கத்தில் இருப்பவர்கள் தன் கதையை வாசிப்பதைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்ததாகச் சொல்லுவார். பிறகு அவருடைய ஒரே மகள் பனிக்காலத்தில் நெஞ்சுச்சளி கண்டு இறந்துபோனாள். அந்தத் துயரத்தை அவர் நாவலாக எழுதினார். அதுவரை எழுதியவற்றில் அதுதான் பெரும் பெயர் வாங்கிக் கொடுத்தது. கணவரோ, “பிள்ளையின் சாவை விற்றுப் பேர் வாங்கிவிட்டாய்” என்று சொல்லி விலகிப் போனார். அந்த ஒரு வசனத்தோடு மிச்சிகோ அன்ரியின் எழுத்தும் நின்றது. ரொறன்ரோவுக்கு வந்து ஒரு வணிக நிறுவனத்தில் கடிதங்களை மொழிபெயர்க்கும் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டார்.

மகளின் கதையை அவர் சொன்ன பின்னேரம், நான் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும், அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, “எனக்கும் ஒரு பிள்ளை போனவன் எண்டு சொல்லு” என்றார்.

என் அண்ணன் கண்ணன். ஊரில் போர் மூண்டு நாங்கள் இடம்பெயர்ந்து நடந்த நாட்களில், ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல், காய்ச்சலில் இறந்தவன். அப்போது அவனுக்கு ஆறு வயது, எனக்கு மூன்று. அப்பா அதற்கு முன்பே கனடா வந்துவிட்டிருந்தார். வீட்டோடு படங்களும் எரிந்துபோனதால் அவனுடைய முகம் எங்களிடம் இல்லை. அவனைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதும் இல்லை. ஆனால் அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு அம்மா எதிர்வீட்டுக்கு அடிக்கடி போகத் தொடங்கினார். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரங்களிலும், தான் வேலை செய்த தொழிற்சாலையில் பொறுக்கிய ஆங்கிலத்தையும் கைகளையும் வைத்துக்கொண்டு, அவனைப் பற்றித் தானே சொன்னார்.

ஒருநாள் மிச்சிகோ அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்து, கண்ணனைப் பற்றி எழுதலாமா என்று கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பினார். “செத்த பிள்ளையை ஏன் கதையாக்க வேணும்? வேண்டாம் எண்டு சொல்லு” என்றார். நான் சொன்னேன். மிச்சிகோ அன்ரி எழுந்து, குனிந்து வணங்கி, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அதன்பிறகு எலிவேற்றரில் கண்டாலும் நிலத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

சில வாரங்கள் அப்படியே போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா, “எனக்கு அவன்ர குரல் மறந்துகொண்டு வருது” என்றார். அப்பா குழம்பை எடுத்து ஊற்றிக்கொண்டார். “நீங்கள் அவனைக் கடைசியாப் பாக்கேல்லை. நான்தான் பாத்தனான். அவ எழுதட்டும்” என்றார் அம்மா. அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, “உன்ர விருப்பம்” என்றார். அன்றுதான் அப்பா அழுவதை முதன்முதலில் பார்த்தேன்.

இரண்டு பனிக்காலங்கள் மிச்சிகோ அன்ரி எழுதினார். புத்தகம் ஜப்பானிலிருந்து வந்த நாளில் அதைத் துணியில் சுற்றி, இரண்டு கைகளாலும் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“பிள்ளைக்கு என்ன பேர் வைச்சவ?”

நான் கேட்டேன். “அவனுடைய பெயர்தான்” என்று சொல்லி மிச்சிகோ அன்ரி ஒரு பக்கத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டினார். நான்கு ஜப்பானிய எழுத்துகள், இரண்டாவதும் நான்காவதும் ஒன்றுபோலவே இருக்கும். அம்மா அந்த உருவங்களை மனப்பாடம் செய்துகொண்டார். வேலைக்குப் போகுமுன் புத்தகத்தை எடுத்து, புரியாத எழுத்துகளுக்கு நடுவில் மகனின் பெயர் எங்கெங்கே வருகிறதென்று தேடிக்கொண்டிருப்பார்.

அந்த நாவல் ஜப்பானில் பெரிதாகப் பேசப்படவில்லை. பழைய வாசகர்கள் அவரை மறந்திருந்தார்கள். மிச்சிகோ அன்ரி அதற்கு வருந்தியதாகத் தெரியவில்லை. அடுத்த இலையுதிர்காலத்தில் நோயில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஜப்பானிலிருந்து அவருடைய தங்கை மகள் வந்து வீட்டைக் காலிசெய்து கொடுத்துவிட்டுப் போனார். பிறகு நாங்களும் பக்கத்து நகரான மார்க்கத்துக்கு வீடு மாறிவிட்டோம். அப்பா இறந்து சில வருடங்களாகின்றன. போன வருடம் அம்மாவும் போய்விட்டார்.

அண்மையில் அந்தப் புத்தகத்தை என்னோடு வேலை செய்யும் ஒரு ஜப்பானியப் பெண்ணிடம் கொண்டுபோனேன். இப்போது அது அங்கே அச்சில் இல்லையாம். மதிய இடைவேளையில் அவர் ஒரு பகுதியை வாசித்து, ஆங்கிலத்தில் மெல்ல மெல்லச் சொன்னார். காய்ச்சலோடு தாயின் தோளில் கிடக்கும் பிள்ளை, “அம்மா, உங்களுக்குக் கை நோகும், இறக்கி விடுங்கோ, நான் நடப்பன்” என்று சொல்கிறான். ஆங்கிலத்தில் கேட்டது எனக்குள் அப்படித் தமிழாகத்தான் விழுந்தது.

அம்மா இதை எங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. கண்ணன் உண்மையிலேயே சொன்னதா, மிச்சிகோ அன்ரி கற்பனையில் எழுதியதா என்று கேட்பதற்கு அம்மாவும் இல்லை, அவரும் இல்லை. அந்த வழியால் நானும் போயிருக்கிறேன், பெரியம்மாவின் இடுப்பில் இருந்தபடி, அம்மாவுக்கும் கண்ணனுக்கும் சற்றுப் பின்னால். எனக்கு ஒன்றும் நினைவில்லை.