பதினோரு மணி மிஸ்டு கால்

கேம்ப் ஏரியாவில் இருந்த எங்கள் ஆபீஸின் மெஷின் ரூமைப் பார்த்துக்கொண்டவர் மே மாத வெயிலிலும் மெரூன் ஸ்வெட்டரோடுதான் இருப்பார். உள்ளே ஏசி அப்படி. அங்கே முப்பது கம்ப்யூட்டர்கள் ஒரே வேலையைப் பங்கு போட்டுச் செய்யும். பிரித்துக் கொடுக்க ஒரு தலைமைக் கம்ப்யூட்டர்.

"எது ஓடுது, எது நின்னுடுச்சுன்னு தலைமைக்கு எப்படி சார் தெரியும்? கூப்பிட்டுக் கேக்குமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அரே, அது யாரையும் கூப்பிடாது. மூணு செகண்டுக்கு ஒரு தடவை அதுங்களே 'இருக்கேன்'னு சொல்லணும். பத்து நிமிஷம் சத்தம் இல்லேன்னா, செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணி வேலையை மத்ததுக்குக் கொடுத்துடும்."

தினமும் பதினோரு மணிக்கு அவருடைய போன் ஒரே ஒரு ரிங் அடித்து நிற்கும். ஊரின் மறுகோடியில், நிக்டியில் தனியாக இருந்த அப்பாவின் மிஸ்டு கால். இவர் எடுக்கமாட்டார், திரும்பக் கூப்பிடவும் மாட்டார். லேசாகத் தலையை ஆட்டிக்கொள்வார், அவ்வளவுதான்.

ஒருநாள் அது வரவில்லை. பதினொன்றேகால் ஆகியும் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்களே பண்ணிப் பாருங்களேன் சார்," என்றேன்.

"பண்ணி, எடுக்கலேன்னா?"

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை. நிக்டிக்கு வண்டியில் ஒரு மணி நேரம். அப்பா நன்றாகத்தான் இருந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டாராம்.

ஒரு போனில் முடிந்திருக்கும் விஷயம் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. ஆனால் அப்பா போனை எடுக்காமல் இருந்திருந்தால்? போன் பண்ணாமல் வண்டியில் போன அந்த ஒரு மணி நேரமும் அவருக்கு அப்பா இருந்தார்.