நாத்தனாரின் ஆற்றங்கரை

செக்காலையில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கதவோரம் இரண்டு ஜோடி கேன்வாஸ் ஷூக்கள் கிடக்கும். பெரியது என் கணவருடையது. சின்னது அவர் தங்கையுடையது. கல்யாணமாகி வந்த முதல் வாரம் அவற்றைக் கழுவி வைக்கலாமென்று எடுத்தேன். இரண்டிலும் ஒரே செம்மண் அப்பியிருந்தது. அந்த வீட்டில் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறதென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் வாத்தியார். வீட்டில் பேச்சு மிகக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அண்ணனும் தங்கையும் பஸ் ஏறி மணிமுத்தாற்றங்கரைக்குப் போய்விடுவார்கள். அங்கே வனத்துறை கம்பிவேலி போட்டுக் காத்துவந்த சின்னக் காடு ஒன்று உண்டு. ஆற்றை ஒட்டி ஒரு நடைபாதை, மூங்கிலுக்குள் நுழைந்து போக இன்னொன்று. பறவை பார்க்கத்தான் போவார்கள். மதியம் வெயிலில் கறுத்துத் திரும்பி வந்து, சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து, எனக்குப் புரியாத எதையோ சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் தங்கையை 'ஆத்தா' என்று கூப்பிடுவார். என்னைக் கூப்பிட அவரிடம் எந்தச் சொல்லும் இருக்கவில்லை. முகத்தைப் பார்த்துப் பேச்சைத் தொடங்குவார், அவ்வளவுதான். பரிமாறிக்கொண்டே நிற்கும் எனக்கு வயிறு எரியும்.

என் நாத்தனார் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஒரு வயது இளையவள். "நீங்களும் வாங்க மதினி, சும்மா வீட்டுல என்ன செய்யப் போறீக?" என்று ஒருநாள் அவளே கூப்பிட்டாள். புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். காட்டுக்குள் நுழைந்ததும் அவர்கள் இருவரும் வேறு ஆட்களாகிவிட்டார்கள். பேச்சில்லை. அவர் ஒரு விரலைத் தூக்கினால் அவள் நின்றாள். அவள் தலையைச் சாய்த்தால் அவர் அந்தப் பக்கம் திரும்பினார். என் செருப்புச் சத்தத்தில் ஒரு மீன்கொத்தி எழுந்து பறந்தது. அவர் என்னைத் திட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முள்ளில் சேலை மாட்டிக்கொண்டு நான் நின்றபோது, ஓடி வந்து உட்கார்ந்து, ஒரு நூல்கூடப் பிரியாமல் எடுத்துவிட்டவள் அவள்தான். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! அதற்குப் பிறகு அவர்களோடு நான் போகவில்லை.

அடுத்த ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. ரயிலேற்றிவிட்டு வந்தபோது எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் உள்ளுக்குள், இனி ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்கு தப்பிப்போனது. அவர் போவதையே நிறுத்திவிட்டார். ஞாயிறு முழுக்க ஈஸிசேரில் கிடந்தார். கேட்டால், "அங்குட்டுப் போக மனசில்லை" என்பார். ஊரில் இல்லாதவள் மேல் பொறாமைப்படுவது இன்னும் கொடுமை. அவளோடு சண்டைகூடப் போட முடியாது.

மார்கழியில் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன். "நாளைக்கு நான் ஆத்தங்கரைக்குப் போறேன். நீங்க வாரதுன்னா வாங்க." தனியாக அனுப்ப மனமில்லாமல் வந்தார். இந்த முறை செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மழைத்தண்ணீர் ஆற்றில் முழங்காலளவு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மருத மரத்தில், முழ நீள வாலோடு வெள்ளைக் குருவி ஒன்று உட்கார்ந்திருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சற்றுப் பொறுத்து முன்னால் நின்றவரின் குரல் மெல்ல வந்தது.

"ஆத்தா, அங்க பாரு."

"பாத்துட்டேன்" என்றேன்.

திரும்பினார். நான் என்று தெரிந்ததும் அவர் முகம் விழுந்த விதம் இருக்கிறதே, அதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. "அவ இருந்தா மொதல்ல பாத்திருப்பா" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் காடு, குருவி எல்லாம் மறந்துபோனது. "நான்தான் மொதல்ல பாத்தேன். நீங்க சொல்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். உங்க தங்கச்சியா இருந்தாலும் அதுக்கு மேல என்ன பண்ணியிருப்பா?" என்று கத்தினேன். குருவி பறந்துவிட்டது. அவர் என்னையே பார்த்தபடி நின்றார். பிறகு சிரித்தார், சாப்பாட்டு இலைக்கு முன்னால் சிரிப்பாரே, அதே சிரிப்பு. அதற்கப்புறம் எந்த ஞாயிறும் நாங்கள் வீட்டில் இருந்ததில்லை.

தலைப்பிரசவத்துக்கு வந்த நாத்தனார் எங்களோடு ஒருநாள் அங்கே வந்தாள். அவளால் நடக்க முடியவில்லை. அவரை மட்டும் முன்னால் அனுப்பிவிட்டு, நான் அவளோடு கரையில் உட்கார்ந்தேன். அவர் விரலைத் தூக்கியதும் நான் என்னையறியாமல் திரும்பிப் பார்த்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"பம்பாயில ஜன்னலத் தொறந்தா எதுத்த வீட்டுச் சுவருதான் மதினி. அவுகளுக்கு நடக்கப் பிடிக்காது" என்றாள். ஆற்றைப் பார்த்தபடியே, "ஒங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பாவமாகத்தான் இருந்தது. அதையும் மீறி எனக்குள் பொங்கிய சந்தோஷத்தை இந்த வயதில் எதற்கு மறைக்க வேண்டும்?

அவர் போய்ப் பல வருடங்களாகின்றன. காட்டுக்கு இப்போது டிக்கெட் உண்டு, பாதையில் கல் பதித்திருக்கிறார்கள். ஆற்றில் பெரும்பாலும் மணல்தான். ஞாயிறு சாயங்காலம் பம்பாயிலிருந்து போன் வரும். "தண்ணி ஓடுதா மதினி?" என்பாள். ஓடுகிறது என்பேன். வெள்ளைக் குருவி வந்ததா என்பாள். ஒன்றுக்கு இரண்டாக வந்தது என்பேன். மறுமுனையில் அவள் பெருமூச்சு விடுவது கேட்கும். அது கேட்கும்வரை நான் போனை வைப்பதில்லை.